யார் சொல்லி விட்டார் சிகரெட்டை?

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு தோசை வார்க்க முடியுமா? அன்று காலை கிரேசி வார்த்துக்கொண்டிருந்தாள்.

நெருப்பைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு நெல்லிக்காய். துவைக்க எடுத்த கணவரின் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் விழுந்ததையும், அதைப் பிரித்துப் பார்த்தவள் துவைகல்லிலேயே உட்கார்ந்துவிட்டதையும் போன வாரம் பார்த்தோம். உள்ளே உப்பில் ஊறிக் காய்ந்த நெல்லிக்காய்த் துண்டுகள். சுற்றியிருந்தது காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி. கிரேசியின் அடுக்களையில் நெல்லிக்காய் கிடையாது. அந்த வீட்டில் யாருக்கும் காயமும் கிடையாது.

ஒரு நெல்லிக்காய்க்கா இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு கிரேசியின் கணவர் எபனேசரைத் தெரியாது.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எபனேசர் சீனியர் கிளார்க். கப்பல் வந்தால் ஏறி இறங்கிச் சரக்கைச் சரிபார்க்கிற வேலை. கப்பல்காரர்கள் கை குலுக்குவதற்கு முன்னால் சிகரெட் பெட்டியைத்தான் நீட்டுவார்கள். கல்யாணத்துக்கு முன்பே நீட்டியதை வாங்கிப் பழகியவர், மகன் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்ந்த பிறகும் கீழே வைக்கவில்லை. அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன் வாடை வரும். மழைக்காலத்தில் இருமல் வாடைக்கும் முன்னால் வரும்.

அந்தச் சிகரெட்டோடு கிரேசி கட்டிய சண்டை கொஞ்சநஞ்சமல்ல. கெஞ்சினாள், அழுதாள், பெட்டியை ஒளித்து வைத்தாள், மகன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஜெபக்குறிப்புக் கொடுத்தாள்.

அவர்கள் சபையில் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் கூடுவார்கள். அவரவர் குறையை எழுந்து சொன்னால் எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். ஒருத்திக்கு மகன் வேலை, ஒருத்திக்கு மூட்டுவலி. கிரேசிக்கு வாராவாரம் ஒரே குறிப்புத்தான்: "என் வீட்டுக்காரர் சிகரெட்ட விடணும்." சத்தமாகவே சொல்லுவாள். கடவுளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பின்பெஞ்சு வரை கேட்கட்டுமே.

பலன் என்னவென்றால், எபனேசர் தெருவில் நடந்தால் சபைப் பெண்கள் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையைப் பார்த்தார்கள். அவர் ஒன்றுக்கு இரண்டாகக் குடித்தார்.

அப்பேர்ப்பட்டவர் இந்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாள் சிகரெட்டை நிறுத்தினார். சத்தமில்லை, சத்தியமில்லை. ஒருநாள் வாடை வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கிரேசி அவர் சட்டையை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை எழுந்து நின்று அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னாள். என் ஜெபம் கேட்கப்பட்டது என்றாள்.

இப்போது பொட்டலத்தைப் பார்த்ததும் முதன்முதலாக ஒரு கேள்வி வந்தது. கேட்டது யார்?

"கிரேசி, இன்னைக்குக் கூட்டத்துக்கு ஒரு ஆளு கூடுதலா வருவாவ," என்றார் எபனேசர், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

இந்த வார வீட்டு ஜெபக்கூட்டம் அவர்கள் முறை. சாயங்காலம் ஜெபம் நடத்த உபதேசியார் சுந்தர்சிங் வருவார், தெருவில் பாதிப் பேர் வருவார்கள். எபனேசர் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. சிகரெட்டிலிருந்து விடுபட்டதை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும். ஏற்பாடு செய்தது வேறு யாருமல்ல, கிரேசிதான். வேண்டாம் வேண்டாம் என்று அவர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். "பெருமையடிச்சா விழுந்துருவேன், விடு," என்றார். அவள் விடவில்லை. இத்தனை வருஷ உபவாசத்துக்கு ஒரு வார்த்தை, என் பேர் ஒரே ஒரு தடவை, சபையார் காதில் விழ வேண்டாமா என்பது அவள் கணக்கு.

"யாரு வாரா?" என்றாள்.

"ஹார்பர் டிஸ்பென்சரி நர்சம்மா. ஜீவமணின்னு. சாத்தான்குளத்துக்காரவ."

கல்லில் இருந்த தோசை கருகியது. டிஸ்பென்சரி. வெள்ளைத் துணி. கிரேசிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"அவியளுக்கு நம்ம வீடு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்," என்றார் அவர். சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார். பொய் சொல்லியிருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம்.

கீரை விற்கிற பேச்சி வந்தபோது கிரேசி விலை பேசவில்லை. அதுவே பேச்சிக்கு ஆச்சரியம்.

"பேச்சி, நீ ஹார்பர் டிஸ்பென்சரிப் பக்கமும் போவல்லா? அங்க ஒரு நர்சு இருக்காளாமே, எப்படி ஆளு?"

"தங்கமான ஆளுக்கா. கைராசிக்காரி," என்ற பேச்சி, கூடையைத் தலைக்கு ஏற்றுகிற சமயத்தில் சொன்னாள்: "உங்களுக்குத் தெரியாமலா? நம்ம அண்ணாச்சி தெனம் சாயங்காலம் அங்கனதான உக்காந்திருக்காவ. நாலு மணிச் சங்கு ஊதுனா டாண்ணு வந்துருவாவ."

கிரேசி கீரையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சி தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.

மத்தியானம் நாசரேத்திலிருந்து எபனேசரின் அக்கா ஞானதீபம் வந்து இறங்கினாள். தம்பி சாட்சி சொல்லுவதைக் கேட்க முந்திரிக்கொத்தோடு வந்திருந்தாள்.

"ஏளா கிரேசி, ஒன் மொகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சாட்சி சொல்லப் போறது அவன். பயம் ஒனக்கா?"

"வெயில் மதினி."

"எப்படியோ அவன விட வச்சிட்ட. எங்கம்மையால முடியாதது ஒன்னால முடிஞ்சிருக்கு," என்றாள் ஞானதீபம். நான் விட வைக்கவில்லை மதினி, எவளோ விட வைத்திருக்கிறாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிரேசி முந்திரிக்கொத்தை டப்பாவில் அடுக்கினாள்.

நாலு மணிச் சங்குக்குக் கொஞ்சம் முன்பே, காபித்தூள் வாங்கி வருகிறேன் என்று பச்சைக் குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு எபனேசர் கொழும்புத் தோணிக்காரரிடம் சொல்லி வரவழைத்த குடை அது. வெயிலோ மழையோ, அதில்லாமல் அவள் படியிறங்க மாட்டாள்.

டிஸ்பென்சரி என்பது கடற்கரைச் சாலையின் சந்து ஒன்றில் இரண்டே அறை. மூட்டை தூக்கிக் கையைக் காலைக் கிழித்துக்கொள்கிற துறைமுகத் தொழிலாளர்களுக்காக வைத்தது. பக்கவாட்டில் ஒரு ஜன்னல். கிரேசி சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள்.

எபனேசர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் துணி மலைபோல் குவிந்து கிடந்தது. அதைக் கிழித்து, ஓரம் பிசிறில்லாமல் சுருட்டிச் சுருட்டி ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே ஜீவமணி மருந்துப் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசவே இல்லை.

பேசியிருந்தால்கூடக் கிரேசிக்கு அவ்வளவு வலித்திருக்காது. வீட்டில் ஒரு கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துத் தராத கை அது. குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத கை. அந்தக் கை இன்னொருத்திக்குக் கட்டுத்துணி சுருட்டுகிறது, அதுவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு.

ஜீவமணி அழகி அல்ல. நாற்பதைத் தொட்ட முகம், வாரி இழுத்துக் கட்டிய கொண்டை, அம்மைத் தழும்பு. கல்யாணம் ஆகாதவள். கிரேசிக்கு அதுதான் இன்னும் எரிந்தது. அழகியாக இருந்தால் ஆம்பிளை புத்தி என்று திட்டிவிட்டுப் போய்விடலாம். இவளிடம் அவர் என்ன கண்டார்? என்னிடம் என்ன காணவில்லை?

எபனேசரின் கை சட்டென்று நின்றது. மேல் பையை, இல்லாத பெட்டியை, ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"ஆசை வந்திட்டா?" என்றாள் ஜீவமணி, திரும்பாமலே.

"ம்."

"வரட்டும். வந்தது போவும். தண்ணியக் குடிச்சிட்டு அடுத்ததச் சுத்துங்க."

அவர் குடித்தார். நெல்லிக்காய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். கை மறுபடி துணியைச் சுருட்டத் தொடங்கியது. கையிலிருந்த சுருள் ஒன்று நழுவி ஜன்னல் பக்கமாக உருண்டு வந்தது. அதை எடுக்க அவர் குனிந்ததும் கிரேசி குடையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

காபித்தூள் வாங்கவில்லை.

வீடு வரும்வரை அவள் மனம் ஒரே ஒரு வேலையைத்தான் செய்தது. அவர் இன்று சாயங்காலம் எழுந்து நிற்பார். "இன்னாரால் விட்டேன்" என்பார். அந்த இன்னார் ஜீவமணி. அவளும் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். வெள்ளிக்கிழமைப் பெண்கள் எல்லாரும் கிரேசியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அட பாவமே என்பார்கள். அந்தப் பாவமே அவளுக்கு வேண்டாம்.

அடுக்களையில் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். அடியில் இருந்தது அது. நீலப் பெட்டி, மூடியில் தங்க நிறத்தில் ஒரு நங்கூரம். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு கிரேக்கக் கப்பல்காரன் கொடுத்தது. இந்த ஊர்க் கடையில் கிடைக்காத சரக்கு. பிரிப்பதற்கு முன்பே கிரேசி பறித்துக்கொண்டு, கடலில் வீசிவிட்டேன் என்று பைபிள்மேல் கைவைக்காத குறையாகச் சொன்ன பெட்டி. ஏன் வீசவில்லை என்று அவளுக்கே தெரியாது.

கொடியில் அவருடைய ஜிப்பா தொங்கியது. கூட்டத்துக்கென்று சலவை செய்து வைத்தது.

பொறாமை பிடித்தவளுக்குப் புத்தி வேகமாக வேலை செய்யும், நேராகத்தான் செய்யாது. அவர் சிகரெட்டை விட்டது ஜீவமணியால் என்றால், மறுபடி பிடித்துக்கொள்ளட்டும். பழையபடி நான் கெஞ்ச வேண்டும், அவர் கேட்காமல் இருக்க வேண்டும். சிகரெட்டானாலும் அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சண்டை. அதற்குள் மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை?

ஜிப்பாவின் பக்கப் பையில் பெட்டியைப் போட்டாள். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு கையை விடுவார், கண்ணில் படும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். அந்தப் பையில்தான் அவர் மூக்குக்கண்ணாடி வைப்பார் என்பது பத்து வருஷமாகத் தெரிந்த விஷயம். அன்றைக்கு அது அவள் நினைவில் வரவே இல்லை.

எபனேசர் வந்தார், குளிக்கப் போனார். குளியலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் பாடினார். இருமலில்லாமல், மூச்சு வாங்காமல், ஒரு சரணத்தை முழுதாகப் பாடி முடித்தார். கல்யாணமான புதிதில் கேட்ட குரல்.

ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன்?

கிரேசி கொடிக்கு ஓடினாள். ஜிப்பா இல்லை. தோள் மடிப்பு சரியில்லை என்று ஞானதீபம் எடுத்துப்போய் நீவி, கையோடு குளியலறை வாசலில் தம்பியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் போட்டுக்கொண்டு, கையில் இருந்த கண்ணாடிக் கூட்டைப் பார்க்காமலே பைக்குள் திணித்துக்கொண்டு, வந்தவர்களை வரவேற்க வாசலுக்குப் போய்விட்டார்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்களேன்," என்று அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

"இரு, உபதேசியார் வந்துட்டாவ."

"ஒரு நிமிஷம்."

"ஏளா, எல்லாரும் வந்தாச்சு, நீ வந்து உக்காரு," என்று ஞானதீபம் அவள் கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். கூடம் நிறைந்துவிட்டது. கடைசியாக ஜீவமணி வந்து கதவோரம் உட்கார்ந்தாள். கிரேசியைப் பார்த்துச் சிரித்தாள். கிரேசி பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. "நம்ம சகோதரன் எபனேசர் இப்ப சாட்சி சொல்லுவாங்க," என்றார் உபதேசியார்.

எபனேசர் எழுந்தார். கைகள் இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டார்.

"நான் சிகரெட்ட விட்டுட்டேன்னு எல்லாரும் சொல்லுதிய. அது சரியில்ல. நான் இன்னைக்குக் குடிக்கல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நாளைக்கு மறுபடியும் விடணும்."

பெண்கள் பக்கம் யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"ஒருநாளைக்கு எத்தனையோ குடிப்பேன். அத்தனையும் விடுன்னாதான் எல்லாரும் சொன்னாவ. மலைப்பா இருக்கும். அதுல எதை விட்டாப் பிராணன் போவும்னு மட்டும் ஒரு தடவ என்கிட்ட ஒரு கேள்வி வந்துது. நாலு மணிக்கு டீயோட குடிக்கிறதுன்னேன். அந்த ஒண்ண மட்டும் பிடிச்சேன். டீக்கடைய மாத்துனேன். டீயவே மாத்துனேன். கூடக் குடிக்கிற ஆபீஸ்காரன் இனிகோட்ட, கோவிச்சுக்கிடாதல, கொஞ்ச நாளைக்கு ஒன் பக்கத்துல நிக்க மாட்டேன்னு சொன்னேன். கைக்கு ஒரு வேலை குடுத்தேன். அந்த ஒண்ணு போனதும் மத்தது ஒண்ணொண்ணாப் பின்னாலயே போச்சு."

கிரேசி கண்ணை மூடிக்கொண்டாள். கேள்வி கேட்டது யாரென்று அவளுக்குத் தெரியும்.

"இதுல எனக்கு ஒரு ஆளு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "அதுக்கு முந்தி ஒரு வசனம் வாசிச்சிருதேன்." கண்ணாடிக்காகப் பைக்குள் கையை விட்டார்.

கண்ணாடிக் கூட்டோடு ஒட்டிக்கொண்டு நீலப் பெட்டியும் வந்தது. தரையில் விழுந்தது. தங்க நங்கூரம் மேலே தெரிய, கூடத்தின் நடுவில் கிடந்தது.

"எலே எபி!" என்றாள் ஞானதீபம், வாயைப் பொத்திக்கொண்டு.

எபனேசர் குனிந்து பெட்டியை எடுத்தார். புரட்டிப் பார்த்தார். கடலில் வீசப்பட்ட பெட்டி. பிறகு முன்வரிசையில் இருந்த கிரேசியைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. கூடத்தில் இருந்த அத்தனை பேரில் அந்தப் பெட்டியின் கதை தெரிந்தது இரண்டே பேருக்கு.

"என்னுதுதான்," என்றார். "மன்னிச்சிருங்க."

பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "சோர்ந்துபோன சகோதரனுக்காக நாம எல்லாரும் பாரத்தோட ஜெபிப்போம்," என்றார். பெண்கள் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கின. வெள்ளிக்கிழமைக்கு இப்போதே ஒரு குறிப்பு தயாராகிவிட்டது. கிரேசி எழுந்தாள். நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

கதவோரத்தில் ஜீவமணி எழுந்து வெளியே நகர்வதைப் பார்த்ததும் மட்டும் கால் வந்துவிட்டது. வாசலில் போய் மறித்தாள்.

"நீங்க இருங்க சிஸ்டர். அவிய என் வீட்டுக்காரர். நான் பாத்துக்கிடுதேன்."

"நான் அவங்க பின்னால போகல. என் செருப்ப எடுக்க வந்தேன்," என்றாள் ஜீவமணி. செருப்பை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கிடுங்க. பெட்டியப் பிடுங்காதீங்க. அழுது சத்தியம் கேக்காதீங்க. தனியா விடாதீங்க, பக்கத்துல நில்லுங்க. அந்த ஆசை செத்த நேரந்தான் நிக்கும். அந்த நேரத்துக்கு ஒரு ஆளு வேணும்."

"இத்தன நாளும் அந்த ஆளு நீங்க."

"ஆமா." ஜீவமணி அதை மறுக்கவில்லை. "எம் பக்கத்துல உக்காரணும்னு வரல அவங்க. ஒரு வேண்டுதல்தான் என்கிட்ட வச்சாங்க. 'வீட்டுல சொல்லிராதீங்க சிஸ்டர், தோத்துட்டேன்னா வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்புல வந்திரும்'னு."

இத்தனை வருஷம் கடவுள் காதில் போட்டதாகக் கிரேசி நினைத்தது முழுவதும் எபனேசர் காதில் விழுந்திருக்கிறது.

சொம்போடு தெருவில் இறங்கினாள். எதிரே பெட்டிக்கடை அண்ணாச்சி, கேட்காமலே கையை நீட்டி வழி காட்டினார். "தீப்பெட்டி வாங்கிட்டுப் போறாவ. உப்புக் கிட்டங்கிப் பக்கம்."

அந்த உப்புக் கிடங்கு, வீட்டுக்கு எதிர்ச்சாரியில்தான், நாலு வீடு தள்ளி. பூட்டிய கதவின் படியில், தெருவிளக்குக்குக் கீழே எபனேசர் உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. உதட்டில் ஒரு சிகரெட். கையில் ஒரு தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. கிரேசி பிடுங்கவில்லை. பக்கத்தில் போய் நின்றாள். குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது. சிகரெட்டைப் பற்றவைக்காமலே கையில் எடுத்துக்கொண்டார்.

"நீதான வச்ச?"

"ஆமா."

"ஏன்?"

அழக்கூடாது என்று ஜீவமணி சொல்லியிருந்தாள். கிரேசி பல்லைக் கடித்துக்கொண்டாள். "எனக்காக விடலியே நீங்க. நான் தொண்ட வத்தக் கெஞ்சினேன். பட்டினி கெடந்தேன். எவளோ ஒரு வார்த்த கேட்டா, விட்டுட்டிய. அவளுக்குத் துணி சுருட்டிக் குடுக்கிய. எனக்கு எரிஞ்சுது. இப்பவும் எரியுது."

எபனேசர் இரண்டாவது குச்சியை எடுத்தார். உரசவில்லை. "உள்ள எல்லாரும் எனக்காக ஜெபிக்காவ," என்றார். "நான் ஒளிச்சு வச்சுக் குடிக்கிறவன்னு. போய்ச் சொல்லுதியா நீ?"

உள்ளே போய்ச் சொன்னால் இவர் தனியாக இருப்பார், கையில் பெட்டி, தீப்பெட்டி. நின்றால் அவர் பெயர் அந்தக் கூடத்தில் நாறிக்கொண்டிருக்கும். வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உபதேசியாரின் ஜெபம் தெருவரை கேட்டது.

அங்கிருந்து இங்கே கேட்கும் என்றால் இங்கிருந்து அங்கேயும் கேட்கும். பின்பெஞ்சு வரை கேட்கிற குரல் கடவுள் அவளுக்குக் கொடுத்ததுதானே.

சொம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தெரு நடுவில் வந்து நின்றாள்.

"உபதேசியாரே! அந்தப் பெட்டிய வச்சது அவிய இல்ல! நான்! பொறாமையில நான்தான் வச்சேன்!"

ஜெபம் நின்றது. ஜன்னலில் தலைகள் முளைத்தன. ஞானதீபத்தின் தலை முதலில்.

"வெள்ளிக்கிழமை என் பேரச் சொல்லுங்க! கிரேசிக்குப் பொறாமை, அவளுக்காக ஜெபிங்கன்னு சொல்லுங்க! சத்தமாச் சொல்லுங்க!"

தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. அவள் திரும்பி வந்து, முகம் தீயாகக் காந்த, படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எபனேசர் சொம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவளிடம் கொடுத்தார். அவளும் குடித்தாள்.

தெருமுனையில் ஜீவமணி தனியாக நடந்து போவது தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிரேசி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "ஒரு ஆளுன்னு ஆரம்பிச்சியளே. யாரு பேரச் சொல்ல வந்திய?"

எபனேசர் சிகரெட்டைப் பெட்டிக்குள் திரும்பச் செருகினார். பெட்டியை எறியவில்லை. ஜிப்பாப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வந்து கேளு. சொல்லுதேன்."

"எங்க வரணும்?"

"உனக்கு வழி தெரியாதாக்கும்?" என்றார் எபனேசர். "இன்னைக்கு ஜன்னல்ல தெரிஞ்ச அந்தப் பச்சைக் குடைய வரவழைச்சுக் குடுத்தவனே நான்தான ஏளா."